திறை செலுத்தும் ஓடை

பேராற்றில் வந்து கலக்கும் சிற்றாற்றைத் தமிழில் துணையாறு என்கிறோம். பெரிய ஆற்றுக்குத் துணையாக வருவது என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘டிரிபியூட்டரி’ என்னும் சொல்லோ இலத்தீன் வழி வந்தது; திறை செலுத்துவோன் என்பது அதன் வேர்ப்பொருள். வென்ற வேந்தனுக்குத் தோற்ற சிற்றரசன் ஆண்டுதோறும் பொன்னும் பொருளும் அளப்பதுபோலச் சிற்றாறு தன் நீரைப் பேராற்றுக்கு அளக்கிறது என்பது அச்சொல்லுக்குள் இருக்கும் காட்சி. நீர் ஒன்றே, பார்வை இரண்டு. வகுப்பில் சொற்பொருள் நடத்தும்போது இவ்வேறுபாட்டை மாணவர்க்கு ஒரு சுவைக்காகச் சொல்லி வந்தேன். அமெரிக்க நாட்டின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஓடும் பஃபலோ கிரீக் என்னும் ஓடையின் கதையைப் படித்த பின்னர் அதனைச் சுவைக்காகச் சொல்ல மனம் வருவதில்லை.

தமிழாசிரியருக்கு அமெரிக்க ஓடையோடு என்ன தொடர்பு என்று மாணவர் வினவக்கூடும். சமூகவியல் பயின்ற நண்பர் ஒருவர் கொடுத்த நூல்தான் தொடர்பு. யேல் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் கை எரிக்சன் அவ்வோடைக்கரை மக்களைப் பற்றி 1976ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அம்மக்களுக்காக வழக்காடிய ஜெரால்டு ஸ்டெர்ன் என்னும் வழக்கறிஞரின் நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. ஒரு நிலத்தின் அமைப்பு அங்கு வாழ்வோரின் வாழ்வையும் சாவையும் எவ்வாறு வரைகிறது என்பதை இவ்விரு நூல்களும் எனக்குக் காட்டின. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நிலத்தோடு சேர்த்தே மனிதனைப் படிக்கப் பழகியவர்கள் நாம். அப்பழக்கத்துடன் அவற்றைப் படித்தேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

முதற்பொருளிலிருந்து தொடங்குவோம். அப்பலாச்சிய மேட்டுநிலம் நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து அலபாமா வரை தென்மேற்காக நீண்டு கிடப்பது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், நிலவியலார் பென்சில்வேனியக் காலம் எனப் பெயரிட்ட ஊழியில், அது சதுப்பு நிலமாக இருந்தது. பெருமரங்களும் பெரணிகளும் விழுந்து சேற்றில் புதைந்தன. மேலே மணல் படிந்தது, அதன்மேல் களி படிந்தது, மீண்டும் காடு வளர்ந்தது, மீண்டும் புதைந்தது. மணற்பாறை, களிப்பாறை, நிலக்கரி என ஏட்டுச்சுவடி போல அடுக்குகள் அமைந்தன. கிழக்கே உள்ள மலைத்தொடர்களில் இத்தகைய அடுக்குகள் மடிந்தும் சாய்ந்தும் போயின. மேட்டுநிலத்திலோ அவை பெரும்பாலும் கிடந்தபடியே உயர்ந்தன. உயர்ந்த பின் மழைநீர் தன் வேலையைத் தொடங்கியது.

ஆகவே அங்கு மலை என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் மேலெழுந்த மலையன்று. நீர் அறுத்து எடுத்தது போக எஞ்சி நிற்கும் நிலம். எந்த முகட்டில் ஏறி நோக்கினும் சுற்றியுள்ள முகடுகளெல்லாம் ஏறத்தாழ ஒரே உயரத்தில் தோன்றுவதற்கு இதுவே காரணம். பழைய மேட்டின் மட்டத்தை அவை இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன. இடையிலுள்ள நீர்வழிகளோ மரத்தின் கிளைகள் போல எத்திசையிலும் பிரிந்து, சிறியது பெரியதில் சேர்ந்து செல்கின்றன. பாறை எங்கும் ஒரு தன்மையதாகவும் கிடையாகவும் இருக்கும் நிலத்தில் நீர் இப்படித்தான் வழி தேடும் என்று நிலவியலார் கூறுவர்.

இந்நீர்வழிகளுக்கு அந்நாட்டு மக்கள் வைத்துள்ள பெயர்கள் மொழியாசிரியன் ஒருவனைச் சற்று நிறுத்தக்கூடியவை. மிகச் சிறியது ‘பிராஞ்ச்’, அதாவது கிளை. இரண்டு கூடும் இடத்தில் ஒவ்வொன்றும் ‘ஃபோர்க்’, அதாவது கவை. அவை சேர்ந்தால் ‘கிரீக்’. கிரீக்குகள் சேருவது ‘ரிவர்’. ஓடை இறங்கும் குறுகிய மலைப்பள்ளத்திற்கு ‘ஹாலோ’ என்று பெயர்; அம்மக்கள் வாயில் அது ‘ஹாலர்’ என ஒலிக்கும். எங்கு வாழ்கிறாய் என்று கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்வதைவிட இன்ன கிரீக்கில், இன்ன ஹாலரில் என்று சொல்வதே அவர்கள் வழக்கம். நீரின் பெயரே முகவரி. பஃபலோ என்பது நம் எருமையன்று. பைசன் எனப்படும் அமெரிக்கக் காட்டுமாடு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவ்வினம் அம்மலைகளில் இல்லாது போயிற்று. பெயர் மட்டும் நீரில் தங்கியது.

பஃபலோ கிரீக்கின் மொத்த நீளம் ஏறத்தாழ 17 மைல். லோகன் மாவட்டத்தில், சாண்டர்ஸ் என்னும் சிற்றூரின் அருகே சில சிற்றோடைகள் கூடி அது உருவாகிறது. அவற்றுள் ஒன்றின் பெயர் மிடில் ஃபோர்க், நடுக்கவை. அப்பெயரை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். லொராடோ, லண்டேல், ஆமர்ஸ்ட்டேல், அக்கோவில், கிஸ்ட்லர் எனப் பதினாறு சிற்றூர்களைத் தொட்டு ஓடி, மேன் என்னும் ஊரருகே அது கயன்டாட் ஆற்றில் கலக்கிறது. கயன்டாட் வடமேற்காகச் சென்று ஹண்டிங்டன் நகரருகே ஒகையோவில் சேர்கிறது, ஒகையோ மிசிசிப்பியில், மிசிசிப்பி கடலில். திறைக்குமேல் திறை.

இப்பள்ளத்தாக்கில் சமமான நிலம் என்பது ஓடையின் ஓரத்தில் மட்டுமே உண்டு. பல இடங்களில் அதன் அகலம் சில நூறு அடிதான். அந்தச் சில நூறு அடிக்குள் ஓடை செல்லவேண்டும், தொடர்வண்டிப் பாதை செல்லவேண்டும், சாலை செல்லவேண்டும், எஞ்சிய கீற்றில் வீடுகள் நிற்கவேண்டும். இருபுறமும் செங்குத்தான சரிவு. சமவெளியில் வெள்ளம் வந்தால் பரந்து விரிந்து வலுவிழக்கும். இங்கு விரிய இடமில்லை. பள்ளத்தாக்கே ஒரு குழாய். மனிதர் குழாய்க்குள் வீடு கட்டிக்கொண்டது ஏன் என்றால், வேறு நிலம் அங்கு இல்லை.

மலைச்சரிவில் கருங்கோடு இழுத்தாற்போல நிலக்கரி அடுக்கு வெளியே தெரியும். ஆழக்கிணறு தோண்ட வேண்டியதில்லை. பக்கவாட்டில் குடைந்து உள்ளே செல்லலாம். தேவைப்பட்டது வெட்டியதை வெளியே கொண்டுசெல்லும் வழி ஒன்றே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடர்வண்டி லோகன் மாவட்டத்தை எட்டியது. அதனைத் தொடர்ந்து நிறுவனங்கள் வந்தன; வீடுகளையும் கடைகளையும் அவையே கட்டின. ஆமர்ஸ்ட்டேல், லொராடோ முதலிய ஊர்ப்பெயர்கள் நிலக்கரி நிறுவனங்களின் பெயர்களோடு ஒட்டியவை. வாடகையும் கடைச்சரக்கும் கூலியிலேயே கழிக்கப்பட்டன. சங்கம் சேரும் உரிமைக்காக இதே லோகன் மாவட்டத்துப் பிளேர் மலையில் 1921ஆம் ஆண்டு ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் துப்பாக்கி ஏந்தி நின்றனர்; நடுவண் அரசின் படை வந்தே அப்போர் ஓய்ந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரங்கள் சுரங்கத்துள் நுழைந்தன; வேலை குறைந்தது; பலர் வெளியேறினர். எஞ்சியோர் நிறுவனங்கள் விற்ற பழைய வீடுகளை வாங்கித் திருத்தித் தமதாக்கிக்கொண்டனர். 1972இல் அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 5000 பேர்.

ஓடை திறை செலுத்துகிறது என்ற சொல் எனக்கு உறுத்தத் தொடங்கியது இவ்விடத்தில்தான். நீர் மட்டும் அன்று, நிலக்கரியும் அதே வழியில்தான் கீழே இறங்கிச் சென்றது. அதன் வருவாய் அதனினும் தொலைவு சென்றது. 1970ஆம் ஆண்டு அங்குள்ள பஃபலோ மைனிங் நிறுவனத்தை வாங்கிய பிட்ஸ்டன் நிறுவனத்தின் தலைமையகம் நியூயார்க் நகரில் இருந்தது. பள்ளத்தாக்கில் தங்கியது எது? கழிவு.

வெட்டிய கரியில் கல்லும் களியும் கலந்திருக்கும். அதனைக் கழுவிப் பிரிக்கவேண்டும். பிரித்த கல்லும் மண்ணும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 டன். கழுவிய கருநீர் தனி. கல்லை மிடில் ஃபோர்க்கின் வாயில் கொட்டத் தொடங்கினர். கழிவைக் கொட்டச் சமநிலம் இல்லாத நாட்டில் ஓடையின் வாயே குப்பைமேடு ஆவது இயல்பாயிற்று. கருநீரை அப்படியே ஓடையில் விட்டால் கீழுள்ள மக்கள் முறையிடுவர். ஆதலால் அம்மேட்டின் பின்னே நீரைத் தேக்கித் தெளியவிட்டனர். முதல் தேக்கம் நிரம்பவே அதற்கு மேலே 1966இல் இரண்டாவது; அதுவும் போதாமல் 1968இல் மூன்றாவது தொடங்கப்பெற்றது. மூன்றாவது அணை நின்றது பாறைமேல் அன்று. முன்னைய தேக்கத்தில் படிந்த சேற்றின்மேல். பொறியாளர் வரைந்த அணையன்று. வண்டியில் கொண்டுவந்து கொட்டி, புல்டோசரால் தள்ளி நிரவிய கழிவுக் குவியல். மிகுநீர் வெளியேற முறையான கலிங்கு இல்லை. 24 அங்குலக் குழாய் ஒன்று மட்டுமே இருந்தது. கலிங்கு இல்லாத ஏரியைக் கற்பனை செய்யவும் நம் உழவர் அஞ்சுவர்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் ஊரில் கரிக்கழிவு மேடு சரிந்து ஒரு பள்ளியை மூடியது. இறந்தோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள். அதன்பின் அமெரிக்க அரசு தன் நிலவியல் ஆய்வாளர்களை அனுப்பி மேற்கு வர்ஜீனியாவின் கழிவுமேடுகளைப் பார்வையிடச் செய்தது. மிடில் ஃபோர்க்கின் மேடும் அவற்றுள் ஒன்று. அறிக்கை எழுதப்பட்டது. அதன்பின்னும் மேடு வளர்ந்தது. 1972 பிப்ரவரி 22 அன்று வந்த நடுவண் அரசுச் சுரங்க ஆய்வாளர், நிலைமை நிறைவாக இருப்பதாகக் குறித்துச் சென்றார்.

அதற்கடுத்த நான்காம் நாள் சனிக்கிழமை. மூன்று நாளாக மழை, மொத்தம் 3.7 அங்குலம். அந்நாட்டுக் குளிர்காலத்திற்கு அது அரிய மழையன்று. விடியலில் நீர் அணையின் உச்சியைத் தொட ஒரு அடியே இருந்தது. மேலேயிருந்து சிலர் ஓடிவந்து சொன்னதால் சில குடும்பங்கள் மேட்டுக்கு ஏறின. எச்சரிக்க வந்த காவலரிடம் அஞ்சத் தேவையில்லை என்று நிறுவன அலுவலர் ஒருவர் உறுதி கூறினார். காலை 8 மணியளவில் நனைந்து ஊறிய அணை குழைந்து கலைந்தது. 13 கோடியே 20 இலட்சம் கேலன், நம் கணக்கில் ஏறத்தாழ 50 கோடி லிட்டர் கருநீர், கால்மணி நேரத்தில் வெளியேறிவிட்டது. உள்ளே கனன்றுகொண்டிருந்த கழிவுமேட்டின்மேல் நீர் பட்டபோது குண்டு வெடித்தாற்போல ஒலி எழுந்தது. சாண்டர்ஸ் முழுமையாக அழிந்தது. ஊரின் தேவாலயம் அடித்தளத்திலிருந்து பெயர்ந்து மிதந்து சென்றதைக் கண்டோர் உண்டு. அங்கிருந்து மேன் வரை வெள்ளம் சென்றுசேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. வழியில் 507 வீடுகள் அழிந்தன. 125 பேர் மாண்டனர்; அவர்களுள் 7 பேரின் உடல் கிடைக்கவேயில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 4000 பேருக்கு மேல் வீடிழந்தனர்.

இவ்வளவும் நிகழ்ந்தபின் நிறுவனத்தின் சார்பில் சொல்லப்பட்ட விளக்கம்தான் என்னை இக்கட்டுரை எழுதச் செய்தது. இஃது இறைவனின் செயல் என்றனர். அணையில் குறை இல்லையாம். இறைவன் பொழிந்த நீரைத் தாங்க அதனால் இயலவில்லையாம். ஆங்கிலச் சட்டமொழியில் இது பழகிய தொடர். மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட நிலநடுக்கம், புயல் முதலியவற்றால் விளைந்த கேட்டுக்கு எவரும் பொறுப்பாகார் என்று விலக்குத் தேட அது பயன்படும். அதனைச் சட்டச்சொல்லாக மட்டும் எடுத்துக்கொள்ள அம்மலைமக்களால் இயலவில்லை. அவர்கள் ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையோர். பெரும்பாலோர் பாப்டிஸ்ட் சபைகளைச் சார்ந்தவர். பிள்ளையைப் பறிகொடுத்தவன் செவியில் இறைவன்மேல் பழி விழுவதாகவே அது ஒலித்தது. அந்த அணையின்மேல் இறைவன் புல்டோசர் ஓட்டியதைத் தாம் பார்த்ததில்லை என்று அவர்கள் சொன்ன மறுமொழி அந்நாடு முழுதும் பேசப்பட்டது.

இங்கு ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாம் இறைவன் நாட்டம் என்னும் நம்பிக்கை நம்மிடையே உண்டு. மரணச் செய்தி கேட்டதும் நம் நா முதலில் நாடுவது அவன் பெயரையே. கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி என்று மத்ரசாவில் ஓதிய சிறுவனும் அறிவான். அவ்வாறாயின் நிறுவனம் சொன்னதில் என்ன பிழை? சொல்லில் அன்று, சொல்பவன் நிற்கும் இடத்தில்தான் பிழை. இழந்தவன் ‘இறைவன் நாடினான்’ என்றால் அது பொறுமை. இழக்கச் செய்தவன் அதையே சொன்னால் அது கணக்கிலிருந்து தப்பும் வழி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை இம்மலரைப் படிக்கும் பெரியோர் நன்கறிவர். கட்டாமல் விட்டவன், ஒட்டகம் பிறர் பயிரை மேய்ந்தபின், இறைவன் நாடினான் என்று பயிர்க்காரனிடம் சொல்வானாயின் எப்படியோ, அப்படியே இதுவும். நம் ஊர்களிலும் சுவர் இடிந்தால், படகு கவிழ்ந்தால், ‘நஸீபு’ என்று ஒரு சொல் உடனே வரும். அதைக் கேட்கும்போதெல்லாம், யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றுகிறது.

வழக்குகள் நடந்தன. அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து தொடுத்த வழக்கு 1974ஆம் ஆண்டு 1 கோடியே 35 இலட்சம் டாலருக்கு இணக்கமாக முடிந்தது. உடல் நனையாமலே உயிர்தப்பியோரும் மனத்தால் காயமுற்றவரே என்னும் வாதம் அவ்வழக்கில் வலுவாக வைக்கப்பெற்றது. மாநில அரசு தனியே 10 கோடி டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கை, பதவி முடிய மூன்று நாளே இருந்தபோது ஆளுநர் ஆர்ச் மூர் 10 இலட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டார். அது 1977 சனவரி.

எரிக்சன் சென்றது அவ்வழக்கின் பொருட்டே. அவர் கண்டது பணத்தால் அளக்கமுடியாத ஒன்று. வீடிழந்தோருக்கு அரசு நகரும் வீடுகளைக் கொணர்ந்து, கிடைத்த இடங்களில் பதின்மூன்று முகாம்களாக நிறுவியது. யார் யாருக்கு அண்டை என்று எவரும் பார்க்கவில்லை. வரிசைப்படி வீடு கொடுக்கப்பட்டது. உதவியில் குறை சொல்ல இயலாது. கூரை விரைவில் கிடைத்தது. ஆனால் ஓடை வரிசைப்படுத்தி வைத்திருந்த மனிதர்களை முகாம் கலைத்துப் போட்டது. மேலே யார், கீழே யார், எந்த வளைவில் யார் வீடு என்பதே அவர்களுக்கு உறவின் இலக்கணம். நோயுற்றவன் வீட்டுக்குச் சோறு சென்றதும், பிள்ளையை யார் வீட்டிலும் விட்டுச்செல்ல முடிந்ததும் அவ்விலக்கணத்தால். அந்த நெருக்கம் அறுந்தபின் அவர்கள் ஆண்டுக்கணக்கில் உறக்கமின்றித் தவித்தனர். மழை பெய்தால் இரவு முழுதும் விழித்திருந்தனர். தனி மனிதன் காயப்படுவது ஒன்று. மக்களைப் பிணைக்கும் இழையே காயப்படுவது வேறொன்று என்று எரிக்சன் பிரித்துக் காட்டினார். பேரிடர் பற்றி எழுதுவோர் இன்றும் அப்பிரிவினையைக் கையாளுகின்றனர். உரிப்பொருள் என்று நம் இலக்கணம் சொல்வதை அவர் வேறு வாயிலால் சென்று தொட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1972 ஆகஸ்டில் அமெரிக்க நாடு முழுவதும் அணைகளை ஆய்வதற்குச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டு மேற்கு வர்ஜீனியாவும் தனக்கென அணைச்சட்டம் இயற்றியது. ஆயினும் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று அண்டை மாநிலமான கென்டக்கியின் மார்ட்டின் மாவட்டத்தில் கரிச்சேற்றுத் தேக்கம் ஒன்று அடியிலிருந்த பழைய சுரங்கத்துள் உடைந்து இறங்கி, 30 கோடி கேலனுக்கு மேற்பட்ட சேற்றை இரண்டு சிற்றோடைகளில் கொட்டியது. பஃபலோ கிரீக்கில் வந்ததைப் போல இருமடங்குக்கும் மிகுதி. உயிரிழப்பு நேரவில்லை, ஓடைகளில் மீன் மிஞ்சவில்லை.

பஃபலோ கிரீக்கில் இன்று டிரவுட் மீன்கள் உண்டு. கரைவாழ் மக்களின் முயற்சியால் அவை கொணர்ந்து விடப்பட்டன. தூண்டிலோடு வருவோரும் உளர். கிஸ்ட்லர் அருகே 125 பெயர்களையும் பொறித்த நினைவுக்கல் நிற்கிறது. சாண்டர்ஸ் இருந்த இடத்தில் ஊர் இல்லை. அதற்கு மேலே மிடில் ஃபோர்க் முன்போலவே இறங்கி வந்து, தன் பங்கு நீரை அளந்துவிட்டுப் போகிறது.